அம்பர்நாத்தில் வீடு மலிவா? மாதத் தவணை, ரயில் பயணம், தண்ணீர்: முழுக் கணக்கு

மும்பை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாடகை கட்டுப்படியாகாத குடும்பங்கள், மத்திய ரயில்வே பாதையில் கல்யாணையும் தாண்டி அம்பர்நாத், பத்லாப்பூர் நோக்கி நகர்வது பல ஆண்டுகளாகவே நடந்து வருகிறது. தாராவி மறுசீரமைப்புப் பணிகள் முன்னேறி வரும் நிலையில், இந்த இடப்பெயர்வு குறித்த பேச்சு மும்பைவாழ் தமிழர்களிடையே மீண்டும் எழுந்துள்ளது. மும்பைக்குள் ஓர் அறை வாங்கும் தொகையில் அம்பர்நாத்தில் படுக்கையறையுடன் கூடிய சொந்த வீடு கிடைத்துவிடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். விலைப்பட்டியலைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால், தவணை, பயண நேரம், தண்ணீர், பராமரிப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது கணக்கு வேறு விதமாக அமைகிறது.

அம்பர்நாத் எப்படிப்பட்ட நகரம்?

தாணே மாவட்டத்தில், மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து (சி.எஸ்.எம்.டி.) சுமார் 60 கி.மீ. தொலைவில் அம்பர்நாத் அமைந்துள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் சிலாஹார மன்னர்கள் காலத்தில் எழுப்பப்பட்ட சிவாலயம் இந்நகரின் அடையாளமாகும். 1953-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலை, விம்கோ தீப்பெட்டி ஆலை, பின்னர் மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகம் (எம்.ஐ.டி.சி.) உருவாக்கிய தொழிற்பேட்டைகள் ஆகியவை பல மாநிலத் தொழிலாளர்களை இங்கு ஈர்த்தன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை சுமார் 2.53 லட்சம். அப்போது ஆலைத் தொழிலாளர்களின் ஊராக இருந்த அம்பர்நாத், இன்று மும்பையிலும் தாணேயிலும் வேலை பார்ப்போர் இரவில் திரும்பும் ஊராகவும் மாறியுள்ளது. ரயில் நிலையத்தின் கிழக்கிலும் மேற்கிலும் எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளே இதற்குச் சான்று.

மும்பைக்குள் ஏன் இயலவில்லை?

மும்பையின் வாடகைச் சிக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1896-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், 1898-இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்ட குடியிருப்புகளாக உருவாக்கியது. அலுவலகப் பணிகளுக்காக வந்த தமிழர்கள் மாட்டுங்காவில் வாடகைக்குக் குடியேறினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் கூலி வேலைக்கும் வந்தோர் தாராவியில் குடிசை அமைத்துக் கொண்டனர். பின்னாளில் செம்பூரும் தமிழர்கள் மிகுந்த பகுதியாயிற்று.

1947-ஆம் ஆண்டு பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் 1-இல் இருந்த அளவை அடிப்படையாகக் கொண்டு நிர்ணயித்தது. இதனால் அன்றே குடியிருந்தவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் வாடகைக்கு விடும் நோக்கில் புதிய வீடு கட்டும் ஆர்வம் குறைந்தது. பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து, குறைந்த வாடகையில் காலவரையின்றிக் குடியிருக்கும் 'பகடி' முறை வேரூன்றியது. 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்குச் சட்ட அங்கீகாரமும் அளித்தது. விளைவாக, ஒரே தெருவில் சில நூறு ரூபாய் வாடகை செலுத்தும் பழைய குடும்பமும், சம்பளத்தில் பாதியை வாடகையாகக் கொடுக்கும் புதிய குடும்பமும் அருகருகே வாழும் நிலை உண்டானது.

இன்று புதிதாக வாடகைக்கு வருவோர் பெரும்பாலும் 11 மாத உரிம ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றனர். 11 மாதம் முடிந்ததும் வாடகை உயரும், அல்லது வீடு மாற்ற நேரும். சில லட்சங்களை முன்பணமாகக் கொடுத்து வாடகையை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும் 'ஹெவி டெபாசிட்' முறையும் வழக்கில் உள்ளது. கையில் மொத்தப் பணம் இல்லாதோருக்கு அந்த வழியும் இல்லை.

தாராவித் திட்டம் என்ன மாற்றத்தைக் கொண்டுவரும்?

தாராவியை மறுசீரமைக்கும் ஒப்பந்தப் புள்ளியை 2022 நவம்பரில் அதானி குழுமம் ரூ.5,069 கோடிக்குப் பெற்றது. அக்குழுமமும் மாநில அரசும் இணைந்த நிறுவனம் பணிகளை மேற்கொண்டு வருகிறது. குடியிருப்போர் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது.

எந்த ஆண்டு முதல் வசிக்கிறார்கள், எந்தத் தளத்தில் வசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே உரிமை அமைகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். அதன்பின் 2011 ஜனவரி 1 வரை குடியேறியோருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு ரூ.2.5 லட்சத்துக்கு வழங்கப்படும். அதற்கும் பின், 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், மாடிப் பகுதியில் வசிப்போருக்கும் தாராவிக்கு வெளியே வாடகையுடன் கூடிய தவணை முறையில் வீடு என்பது திட்டம்.

தாராவியில் தரைத்தளத்தில் ஒரு குடும்பம், இரும்பு ஏணி வழியே ஏறும் மாடியில் மற்றொரு குடும்பம் என வாழ்வது வழக்கம். எனவே ஒரே கூரையின் கீழ் வசிக்கும் இரு குடும்பங்களுக்கு இரு வேறு எதிர்காலம் அமையக்கூடும். ஆவணங்கள் முழுமையாக இல்லாதவர்களும், பட்டியலில் இடம்பெறாதவர்களும், 'எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும்' என்று கருதுவோரும் முன்கூட்டியே விசாரிக்கும் ஊர்களுள் அம்பர்நாத்தும் ஒன்று.

ரூ.30 லட்சம் வீட்டின் உண்மையான செலவு என்ன?

எடுத்துக்காட்டாக, அம்பர்நாத்தில் கட்டுமானத்தில் உள்ள குடியிருப்பில் ஒரு படுக்கையறை வீட்டின் விலை ரூ.30 லட்சம் என்று கொள்ளலாம். விலையில் 20 சதவீதமான ரூ.6 லட்சத்தை வாங்குபவர் கையிலிருந்து செலுத்த வேண்டும் எனில், வங்கிக் கடன் ரூ.24 லட்சம். முத்திரைத் தீர்வையை 6 சதவீதம் எனக் கொண்டால் ரூ.1.8 லட்சம். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், ரூ.30 ஆயிரம். சிறிய வீடுகளுக்கான ஜி.எஸ்.டி. 1 சதவீதம், மேலும் ரூ.30 ஆயிரம். ஆக, சாவி கைக்கு வரும் முன்பே ரூ.8.4 லட்சம் தேவை.

ரூ.24 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ ரூ.20,830. 240 தவணைகளில் செலுத்தும் மொத்தத் தொகை ரூ.50 லட்சத்தை எட்டும். வாங்கிய கடனைவிட வட்டி அதிகம் என்பது இதன் பொருள்.

இந்திய ரிசர்வ் வங்கி 2025-ஆம் ஆண்டில் நான்கு முறை ரெப்போ வட்டியைக் குறைத்து, 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. மாறும் வட்டி விகிதத்தில் கடன் பெற்றோருக்கு இது ஆறுதல் அளித்தது. எனினும், குறைந்த வட்டி பிற்காலத்தில் உயரவும் கூடும் என்பதால், அதை நிலையான சேமிப்பாகக் கருதுவது பாதுகாப்பானதல்ல.

மாதம் ரூ.40 ஆயிரம் ஈட்டும் குடும்பத்துக்கு ரூ.20,830 என்பது வருமானத்தில் 52 சதவீதம். மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புற இந்தியாவில் ஒருவரின் சராசரி மாதச் செலவு ரூ.6,996. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது ஏறத்தாழ ரூ.28 ஆயிரம் ஆகிறது. ரூ.40 ஆயிரத்தில் அதைக் கழித்தால் மிஞ்சுவது ரூ.12 ஆயிரம் மட்டுமே. சராசரிச் செலவில் வாடகை செலுத்துவோரின் வாடகையும் அடங்கும் என்பதால் தவணைக்குச் சற்றுக் கூடுதலாகவே ஒதுக்க முடியும். ஆயினும் ரூ.20,830 என்ற தொகையை எட்ட, உணவு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் கை வைக்காமல் இயலாது.

30 சதவீத அளவுகோல் எங்கிருந்து வந்தது?

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குச் செலவிட்டால் அது சுமை என்ற அளவுகோல் அமெரிக்காவிலிருந்து பரவியது. அங்கு அரசுக் குடியிருப்புகளின் வாடகைக்கு 1969-இல் 25 சதவீதம் என வகுக்கப்பட்ட உச்சவரம்பு 1981-இல் 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பின்னர் அதுவே பொது அளவுகோலாயிற்று.

இந்த அளவின்படி, மாதம் ரூ.40 ஆயிரம் ஈட்டும் குடும்பம் ரூ.12 ஆயிரம் தவணை செலுத்தலாம். அத்தவணைக்குக் கிடைக்கும் கடன் ரூ.13.8 லட்சம். மாறாக, ரூ.20,830 தவணை சுமையாகாமல் இருக்க வேண்டுமெனில் மாத வருமானம் ஏறத்தாழ ரூ.69,400 இருக்க வேண்டும். 'ஏழைகளுக்கு எட்டும் ஊர்' என்று கருதப்படும் அம்பர்நாத்தில், இந்த வீடு உண்மையில் எட்டுவது ஆண்டுக்கு ரூ.8.3 லட்சம் ஈட்டும் குடும்பத்துக்கே.

ஆனால் 30 சதவீத அளவுகோலிலும் ஒரு குறை உண்டு. நகரை விட்டு விலகிச் செல்லச் செல்ல வீட்டின் விலை குறையும், போக்குவரத்துச் செலவு கூடும். அமெரிக்காவின் நடுத்தர நகரங்களில் புறநகரில் மலிவாக வீடு வாங்கும் குடும்பம் இரண்டு கார்களைப் பராமரிக்க நேர்ந்து, மிச்சம் பிடித்த தொகையைப் பெட்ரோலுக்குக் கொடுத்துவிடுவது உண்டு. இதனால் சிகாகோவில் உள்ள 'சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி' என்ற அமைப்பு, வீடு, போக்குவரத்து இரண்டையும் சேர்த்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை முன்வைத்தது.

பயணத்தின் விலை பணத்தில் இல்லை

அந்த அளவுகோலை அம்பர்நாத்துக்குப் பொருத்தினால் ஒரு வேறுபாடு தெரியும். மும்பையில் இரண்டாம் வகுப்பு மின்சார ரயிலுக்கான மாதப் பாஸ் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே போக்குவரத்துச் செலவு சிறியதாகத் தோன்றும். பயணத்தின் உண்மையான விலை நேரமாகவும் ஆபத்தாகவும் வசூலாகிறது.

அம்பர்நாத்திலிருந்து வேக ரயிலில் தாதர் செல்ல ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும். தாராவிக்கு அருகிலுள்ள சயான் நிலையத்திலும், மாட்டுங்காவிலும் வேக ரயில்கள் நிற்பதில்லை. குர்லா அல்லது தாதரில் இறங்கி மாற வேண்டும். செம்பூர் செல்வோர் குர்லாவில் ஹார்பர் பாதைக்கு மாற வேண்டும். வீட்டிலிருந்து நிலையத்துக்கான ஆட்டோ, நடைமேடையில் காத்திருப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்பது மிகையான மதிப்பீடு அல்ல.

நாளொன்றுக்கு 4 மணி நேரம், மாதத்துக்கு 25 வேலை நாள் எனில், பயணத்துக்கு மட்டும் 100 மணி நேரம் செலவாகிறது. இது 8 மணி நேர வேலை நாட்கள் பன்னிரண்டரைக்குச் சமம். மாதம் 200 மணி நேரம் உழைத்து ரூ.40 ஆயிரம் ஈட்டும் ஒருவரின் ஒரு மணி நேர ஊதியம் ரூ.200. அந்த மதிப்பில் 100 மணி நேரத்தின் விலை ரூ.20 ஆயிரம். வங்கிக்குச் செலுத்தும் தவணைக்கு ஏறக்குறைய நிகரான இரண்டாவது தவணை ஒன்றை அந்தத் தொழிலாளி ரயிலில் செலுத்துகிறார் எனலாம்.

வீட்டு வேலை, கடை வேலை, தையல் போன்றவற்றில் ஈடுபடும் பெண்களுக்கு இழப்பு இன்னும் நேரடியானது. தாராவியில் வீட்டு வாசலிலேயே கிடைக்கும் வேலை, 50 கி.மீ. அப்பால் கிடைப்பதில்லை. இருவர் சம்பாதித்த குடும்பம் அம்பர்நாத் வந்தபின் ஒருவர் வருமானத்தில் தங்கிவிட்டால், குறைந்த வாடகையால் கிடைத்த ஆதாயம் கரைந்துவிடும்.

நெரிசல் உயிரையும் பறிக்கிறது. 2025 ஜூன் 9 அன்று காலை, திவா, மும்ப்ரா நிலையங்களுக்கு இடையே எதிரெதிரே கடந்த இரு மின்சார ரயில்களின் படிக்கட்டுகளில் தொங்கிச் சென்ற பயணிகள் தவறி விழுந்ததில் குறைந்தது 4 பேர் உயிரிழந்தனர். அம்பர்நாத்திலிருந்து மும்பை செல்லும் ஒவ்வொருவரும் கடந்தாக வேண்டிய பாதை அது. அதன்பின், குளிர்சாதன வசதியில்லாத ரயில்களிலும் தானியங்கிக் கதவு பொருத்தப்படும் என்று ரயில்வே அறிவித்தது.

தண்ணீர், வரி, சுற்றுச்சூழல்

அம்பர்நாத்துக்கான குடிநீரை மகாராஷ்டிர ஜீவன் பிராதிகரண் வழங்குகிறது. புதிய குடியிருப்புகள் பெருகும் வேகத்துக்கு நீர் வழங்கல் ஈடுகொடுக்காத இடங்களில், கோடைக்காலத்தில் சொசைட்டிகள் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்குகின்றன. அச்செலவு மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்க்கப்படும். லிஃப்ட், காவலர், பொது விளக்கு ஆகியவற்றுக்கான செலவும் அதில் அடங்கும். சாலில் அல்லது குடிசைப் பகுதியில் வாழ்ந்து பழகிய குடும்பத்துக்கு இது முற்றிலும் புதிய செலவு.

மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 2022 முதல் சொத்து வரி விலக்கு உண்டு. அம்பர்நாத் தனி உள்ளாட்சி என்பதால் மும்பை மாநகராட்சியின் அச்சலுகை இங்கு பொருந்தாது.

தொழிற்பேட்டைகள் வேலை தருகின்றன, அதேவேளை கவலையும் தருகின்றன. அம்பர்நாத், உல்லாஸ்நகர் வழியே பாயும் வால்துனி ஆறு, ஆலைக் கழிவுகளால் மாசடைந்துள்ளது. 2024 செப்டம்பரில் நிகழ்ந்த வேதிப்பொருள் கசிவில் நகரின் சில பகுதிகளைப் புகை சூழ்ந்தது. குடியிருப்போர் கண் எரிச்சலுக்கும் தொண்டை எரிச்சலுக்கும் ஆளாயினர். ஆலைகளுக்கு மிக அருகில் உள்ள மனைகளின் விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு உதவி யாருக்குக் கிடைக்கும்?

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-இல், ஆண்டு வருமானம் ரூ.9 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு வட்டி மானியம் வழங்கப்படுகிறது. வீட்டின் மதிப்பு ரூ.35 லட்சத்துக்கும், கடன் ரூ.25 லட்சத்துக்கும் மேற்படக் கூடாது. முதல் ரூ.8 லட்சம் கடனுக்கு 4 சதவீத மானியம் என்ற கணக்கில், அதிகபட்சம் ரூ.1.8 லட்சம் ஐந்து ஆண்டுத் தவணைகளில் கிடைக்கும். மும்பைக்குள் இந்த விலை வரம்பில் வீடு கிடைப்பது மிக அரிது. அம்பர்நாத் போன்ற நகரங்களில்தான் இது பயன்படக்கூடியது.

இதில் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் ஆகியோரில் எவர் பெயரிலும் இந்தியாவில் எங்கும் நிலையான வீடு இருக்கக் கூடாது. திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ சொந்தப் பெயரில் கான்கிரீட் வீடு இருந்தால், மும்பையில் வாடகை அறையில் வாழ்ந்தாலும் மானியத்துக்குத் தகுதி இல்லை.

மகாராஷ்டிர வீட்டு வசதி மற்றும் வட்டார மேம்பாட்டு ஆணையம் (மாடா) தனது கொங்கண் வாரியம் மூலம் தாணே மாவட்டப் பகுதிகளில் குலுக்கல் முறையில் வீடுகளை ஒதுக்குகிறது. மும்பை பெருநகரப் பகுதியில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.6 லட்சம் வரை எனில் நலிவுற்ற பிரிவு, ரூ.9 லட்சம் வரை எனில் குறைந்த வருவாய்ப் பிரிவு. விண்ணப்பிக்க மகாராஷ்டிர வதிவிடச் சான்று அவசியம். மாதம் ரூ.40 ஆயிரம் ஈட்டும் குடும்பம் மாடாவின் கணக்கில் நலிவுற்ற பிரிவிலும், மத்திய அரசுத் திட்டத்தில் ரூ.3 லட்சம் முதல் ரூ.6 லட்சம் வரையிலான குறைந்த வருவாய்ப் பிரிவிலும் வரும். இரண்டுக்கும் தனித்தனியே வருமானச் சான்றுகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பெண்கள் பெயரில் வீடு பதிவு செய்யப்பட்டால் முத்திரைத் தீர்வையில் 1 சதவீதச் சலுகை உண்டு.

வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

குறைந்த விலை என்ற ஒரே காரணத்துக்காக முன்பணம் கொடுப்பது பேராபத்தாக முடியலாம். அண்டை நகரமான கல்யாண்-டோம்பிவிலியில், போலி அனுமதி ஆவணங்களைக் காட்டி மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (மஹா ரெரா) பதிவையே பெற்ற 65 கட்டடங்களை இடிக்குமாறு பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொட்டி வாங்கிய குடும்பங்கள் அதில் சிக்கின.

ஆகவே ரெரா பதிவு எண் மட்டும் போதாது. கட்டட அனுமதிச் சான்றின் நகலை உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கட்டி முடித்த வீடு எனில் 'ஓ.சி.' எனப்படும் குடியிருப்பு அனுமதிச் சான்றைக் கேட்க வேண்டும். அச்சான்று பெற்ற பின் விற்கப்படும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது கூடுதல் ஆதாயம். பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தத்துக்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெற ரெரா சட்டம் தடை விதிக்கிறது. விலை பேசும்போது சுவர்களுக்கு உட்பட்ட 'கார்பெட்' பரப்பையே கணக்கில் கொள்ள வேண்டும்.

வாடகைக்குச் செல்வோரும் உரிம ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுமாறு வலியுறுத்தலாம். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பதிவு செய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. சொந்த வீடு வாங்கும் முன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது, பயணத்தையும் கோடைக்காலத் தண்ணீர் நிலையையும் அனுபவத்தில் அறிய உதவும். அதற்கான செலவு, தவறான வீட்டுக்காக 20 ஆண்டுகள் தவணை கட்டும் செலவை விடக் குறைவு.

அடுத்து என்ன?

மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம் 3ஏ-இன் கீழ் கல்யாண் - பத்லாப்பூர் இடையே மூன்றாவது, நான்காவது ரயில் பாதைகள் அமைக்கும் பணி நடைபெறுகிறது. அம்பர்நாத், பத்லாப்பூர் இடையே சிக்லோலி என்ற புதிய நிலையமும் திட்டத்தில் உள்ளது. காஞ்சூர்மார்கிலிருந்து பத்லாப்பூர் வரையிலான மெட்ரோ 14 பாதை இன்னும் திட்ட நிலையிலேயே உள்ளது. 2025 மே மாதம் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'எனது வீடு, எனது உரிமை' என்ற வீட்டு வசதிக் கொள்கை, ஐந்து ஆண்டுகளில் 35 லட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டுள்ளது.

ரயில் பாதை வரும் என்ற அறிவிப்பே வீட்டு விலையை உயர்த்திவிடும் என்பதால், வசதி வந்து சேரும் முன்பே அதற்கான விலையை வாங்குவோர் கொடுக்க நேர்கிறது. திட்டம் தாமதமானால் அந்தச் சுமையும் அவர்களுடையதே.

அம்பர்நாத்திலேயே ஆலையிலோ பள்ளியிலோ வேலை பார்க்கும் குடும்பத்துக்கும், கல்யாண், தாணே வரை மட்டும் செல்வோருக்கும் இந்நகரம் இன்றும் உண்மையாகவே மலிவானது. நாள்தோறும் சயானுக்கோ செம்பூருக்கோ செல்ல வேண்டியவருக்கு அதே வீட்டின் விலை வேறு. எத்தனை வீடுகள் கட்டப்பட்டன என்பதோடு, அவை வேலையிடத்திலிருந்து எத்தனை மணி நேரத் தொலைவில் உள்ளன என்பதையும் அரசின் வீட்டு வசதித் திட்டங்கள் கணக்கில் கொண்டால்தான், மும்பையை விட்டு வெளியேறும் தொழிலாளர் குடும்பங்களுக்கு அவ்வீடுகள் பயன் தரும்.